கூட்டு ஊசியும் கூட்டல் கணக்கும்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் லிப்ட் இல்லாத பழைய தொடர்மாடிகள் இன்னும் இருக்கின்றன. மாலையில் கோயிலுக்குப் புறப்படும் முதிய பெண்கள் பலர் முழங்கால் நோவால் அங்கே படியில் நேராக இறங்குவதில்லை. கைபிடியை இரு கைகளாலும் பற்றி, உடலைப் பக்கவாட்டாகத் திருப்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்த பிறகே அடுத்த படிக்குப் போவார்கள். கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் நோகும் இடம் வேறு: மூட்டை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளரின் தோளும் குதிநாணும்.

இந்த வலிகளுக்கு இன்று சொல்லப்படும் தீர்வு 'இழைய மீளாக்கச் சிகிச்சை'. சொந்த இரத்தத்திலிருந்து பிரித்த பி.ஆர்.பி. ஊசி, அதிர்வலை, குளுக்கோஸ் ஊசி, மூலக்கலம், பயிற்சி என நான்கைந்தைச் சேர்த்து ஒரே பொதியாகத் தருகிறார்கள். சென்னைக்குப் போய் வந்தவர்கள் காட்டிய சிட்டைகளிலும் இத்தகைய பொதிகளைக் கண்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் கொஞ்சம் உதவும், எல்லாம் சேர்ந்தால் நிறைய உதவும் என்பதே இதன் பின்னுள்ள கணக்கு. குழம்பில் உப்பும் புளியும் சேர்வதை யாரும் கூட்டல் என்பதில்லை. ஒன்று மற்றதன் சுவையை மாற்றிவிடும். சிகிச்சைகளும் அவ்வாறே ஒன்றையொன்று மாற்றுகின்றன என்பதே என் வாதம்.

முதலில் 'மீளாக்கம்' என்ற சொல். 1955 முதல் 1963 வரை வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் காபன்-14 இன் அளவை ஏற்றிவிட்டன. அக்காலத்தில் வளர்ந்தவர்களின் இழையங்களில் அந்தக் காபன் பதிந்தது. அதையே கடிகாரமாகக் கொண்டு குதிநாணை ஆராய்ந்த டென்மார்க் ஆய்வாளர்கள் 2013 இல் முடிவை வெளியிட்டனர்: நாணின் உட்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவாகிவிடுகிறது, அதன்பின் அது புதுப்பிக்கப்படுவது மிகச் சொற்பம். உடல் தானாகச் செய்யாத வேலையை ஊசி செய்யும் என்றால், அதை நிறுவ வேண்டியவர் ஊசி போடுபவரே.

பி.ஆர்.பி. தயாராவதைப் பார்க்கையில் நம்பிக்கை வரத்தான் செய்யும். இரத்தக் குழாய் இயந்திரத்தில் சுழன்று வெளியே வரும்போது அடியில் சிவப்பு, மேலே வைக்கோல் நிறத் திரவவிழையம், நடுவே மெல்லிய வெண்படலம். குருதிச் சிறுதட்டுகள் செறிந்த பகுதியை உறிஞ்சி எடுத்து நோகுமிடத்தில் ஏற்றுவார்கள். சிறுதட்டுகள் வளர்ச்சிக் காரணிகளை வெளிவிடுவது உண்மை. ஆனால் அவுஸ்திரேலியாவில் முழங்கால் தேய்மானம் உள்ள 288 பேரிடம் நடந்து 2021 இல் வெளியான பரிசோதனையில், பி.ஆர்.பி. பெற்றவர்களின் வலி 12 மாதத்தில் 2.1 புள்ளி குறைய, உப்புநீர் ஊசி பெற்றவர்களுக்கு 1.8 குறைந்தது. கசியிழையத்தின் அளவிலும் வேறுபாடில்லை. அதே ஆண்டு பிரித்தானியாவில் குதிநாண் நோயாளர் 240 பேரிடம் நடந்த பரிசோதனையும் போலி ஊசியை விட மேலான பயனைக் காணவில்லை. 2023 இல் அமெரிக்காவில் 475 பேரின் முழங்கால்களில் மூன்று வகைக் கலச் சிகிச்சைகளை ஸ்டீரொயிட் ஊசியுடன் ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் எதுவும் ஸ்டீரொயிட்டை முந்தவில்லை.

"தனித்தனியே தோற்றவை சேர்ந்து வெல்லலாமே" என்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை தரக்கூடிய பரிசோதனை ஒன்றின் வடிவம் 2013 இல் வெளியான பிரிஸ்பேன் ஆய்வில் இருக்கிறது. டெனிஸ் முழங்கை உள்ள 165 பேரை நான்காகப் பிரித்தார்கள்: ஸ்டீரொயிட் ஊசி மட்டும், ஸ்டீரொயிட்டும் பிசியோதெரபியும், போலி ஊசி மட்டும், போலி ஊசியும் பிசியோதெரபியும். நான்காம் வாரத்தில் போலி ஊசிக்காரருள் பிசியோதெரபியும் பெற்றவர்களில் 39 சதவீதத்தினருக்கு நல்ல முன்னேற்றம். பெறாதவருள் 10 சதவீதத்தினருக்கே. ஸ்டீரொயிட் பெற்றவர்களிடமோ பிசியோதெரபியால் வேறுபாடே இல்லை: அதைப் பெற்றவருள் 68 சதவீதம், பெறாதவருள் 71. தனியே நின்றபோது உதவிய பிசியோதெரபி ஊசியோடு சேர்ந்ததும் காணாமற் போயிற்று. ஆண்டு முடிவில் ஸ்டீரொயிட் பெற்றவர்களில் 54 சதவீதத்தினருக்கு நோவு திரும்பியது. போலி ஊசிக்காரரில் 12 சதவீதத்தினருக்கே. நான்கு குழுவும் இல்லாதிருந்தால் இவற்றில் பாதி நமக்குத் தெரிந்திராது.

பொதி விற்பவர் பதிலுக்குக் காட்டக்கூடிய நல்ல சான்று 2009 இல் ஜெர்மனியிலிருந்து வந்தது. குதிநாண் நோயாளர் 68 பேரில் பாதிப்பேருக்குப் பயிற்சி மட்டும், மீதிப்பேருக்குப் பயிற்சியோடு அதிர்வலை. நான்காம் மாதத்தில் முதற் குழுவில் 56 சதவீதத்தினரும் இரண்டாம் குழுவில் 82 சதவீதத்தினரும் தேறினார்கள். இது அசட்டை செய்யக்கூடிய வேறுபாடல்ல. ஆனால் முதற் குழுவுக்குப் போலி அதிர்வலை கொடுக்கப்படவில்லை. இயந்திரம் காலில் தட்டும் சத்தத்தைக் கேட்டவருக்கே எதிர்பார்ப்பும் கூடும். இரு குழுவுக்கும் பொதுவாக இருந்தது பயிற்சி. 1998 இல் சுவீடனின் அல்பிரட்சன் விவரித்த முறை அது: படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, 15 தடவை வீதம் மூன்று சுற்று, நாளுக்கு இருமுறை, 12 வாரம் குதியைக் கீழே தாழ்த்துவது. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் படிக்குப் பஞ்சமில்லை. அவ்வளவு மலிவானதைத் தனியாக விற்க முடியாதென்பதால்தான் அது பொதியின் கடைசி வரியாகிவிடுகிறதோ என்று எனக்கொரு சந்தேகம்.

கொழும்பு நோயாளியின் உடலுக்குள்ளேயும் ஒரு கூட்டு ஏற்கெனவே இருக்கிறது. இதயத்துக்காக அஸ்பிரின் எடுப்பவரின் சிறுதட்டுகள் தம் ஆயுளான 7 முதல் 10 நாள் வரையும் அதன் பிடியில் இருக்கும். அந்த இரத்தத்தைத்தான் சுழற்றி எடுக்கிறோம். முழங்கால் ஊசிக்காக அஸ்பிரினை நிறுத்துவதோ இதயத்தை வைத்து ஆடும் சூதாட்டம். நீரிழிவு உள்ளவருக்கு ஸ்டீரொயிட் சேர்ந்தால் சில நாள் சர்க்கரை ஏறும். ஊசியின் நோவைத் தணிக்கச் சேர்க்கும் விறைப்பு மருந்துகள் நாணின் கலங்களைப் பாதிப்பதை ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. சனல் பண்ணிய வைத்தியரிடம் கிடைக்கும் சில நிமிடங்களில் இவையெல்லாம் கேட்கப்படுகின்றனவா?

நம்மூர் முறிவு நெரிவு வைத்தியரும் கூட்டுச் சிகிச்சையே செய்தார். பத்துப் போட்டு மட்டை வைத்துக் கட்டுவார், பிறகு அவிழ்த்து எண்ணெய் தடவி உருவுவார், கடைசியில்தான் நடக்கவிடுவார். அவர் எண்ணெயின் குணத்துக்கு நான் சாட்சி சொல்ல வரவில்லை. ஆனால் எதன்பின் எது என்ற வரிசை அவரிடம் இருந்தது. அழற்சிக்கு நாட்கள், புதிய கொலாஜன் படிய வாரங்கள், அது இறுகி ஒழுங்காக மாதங்கள் என்று இழையம் ஆறுவதற்கும் ஒரு வரிசை உண்டு. ஒரே கிழமையில் எல்லாவற்றையும் ஏற்றும் பொதிக்கு அந்த வரிசை இல்லை.

இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் தனியார் மருத்துவ நிறுவனங்களின் பதிவையும், 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் மருந்து, உபகரணம், மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றையும் ஒழுங்குபடுத்துகின்றன. ஆனால் அறைக்குள் தயாராகி அறைக்குள்ளேயே தீர்ந்துபோகும் ஊசிக்குப் போத்தலும் இல்லை, சிட்டையில் சிறுதட்டு எண்ணிக்கையும் இல்லை. குறைந்தபட்சம் அந்த எண்ணையும், ஏற்றிய நாளையும், மூன்றாம், பன்னிரண்டாம் மாத நிலையையும் எழுதிவைக்கலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் விளையாட்டு மருத்துவத்தில் நிபுணர்களை உருவாக்குகிறது. பிரிஸ்பேன் போன்ற நான்கு குழுப் பரிசோதனை ஒன்றை இங்கேயே நடத்த ஆளில்லை என்று சொல்ல முடியாது.

அப்பரிசோதனையில் நாட்டாமைத் தொழிலாளரையும் சேர்த்தால் ஒரு சிக்கல் எழும். பிரிஸ்பேன் நோயாளருக்குப் பாரம் என்பது அளந்து கொடுக்கும் பயிற்சி. இவருக்கோ அது காலை முதல் தோளில் ஏறும் 50 கிலோ அரிசி மூட்டை. ஒருவர் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்பட்டால் அதைக் குறைக்க வேண்டுமென்று சர்வதேசத் தொழில் அமைப்பு 1967 இல் பரிந்துரைத்தது. மூட்டை அந்த எல்லைக்குள் ஐந்து கிலோ வித்தியாசத்தில்தான் நிற்கிறது. ஆனால் அந்தப் பரிந்துரை ஒரு சுமையைப் பற்றியது. ஒரு நாளில் அது எத்தனை தடவை ஏறுகிறது என்பதை எந்தப் பொதியும் கேட்பதில்லை. காலையில் ஊசி போட்டுக்கொண்டவர் மறுநாள் லொறியடியில் நிற்காவிட்டால் அன்றைய கூலி இல்லை.