கொம்பு நின்ற இடம்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், லினக்ஸில் தமிழ் வாசிக்க எந்த உலாவியைத் தேர்வது என்ற கேள்விக்கும் வேகத்துக்கும் அதிகத் தொடர்பில்லை. கொம்பு எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி.

பரளச்சி என்று எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் எந்த உலாவியும் தேறிவிடும். பக்கத்து அருப்புக்கோட்டையை எழுதும்போதுதான் சாயம் வெளுக்கும். யுனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது; திரையில் அதை முன்னால் நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. ‘கோ’வில் ஒரே குறி இரட்டைக்கொம்பாகவும் காலாகவும் பிரிந்து எழுத்தின் இருபுறமும் அமர வேண்டும். அறியாத உலாவி இரண்டையும் ககரத்துக்குப் பின்னால் தள்ளிவிடும். ‘டை’க்கும் அதே கதி.

முந்தைய திஸ்கி குறியாக்கத்தில் இச்சிக்கல் இல்லை. கண் காணும் வரிசையிலேயே எழுத்துகள் அடுக்கப்பட்டதால் எழுத்துரு ஒன்றே போதுமானதாக இருந்தது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகள் பல அவ்வாறே வந்தன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கென டைனமிக் எழுத்துருவில் அமைந்த பக்கங்களோ லினக்ஸ் வாசகருக்கு வெறும் ரோமன் குப்பை. அந்த உலாவி லினக்ஸுக்கு வரவேயில்லை.

2000 அக்டோபரில் கேடிஈ 2 உடன் வந்த கான்கொரர் இங்கேதான் முக்கியமாகிறது. அது நம்பியிருந்த கியூட்டி நூலகம் பின்னர் யுனிகோடுத் தமிழைக் கோக்கவும் கற்றது, திஸ்கியைப் படிக்கவும் கற்றது. 2004 நவம்பரில் வந்த ஃபயர்பாக்ஸ் 1.0 புகழில் அதை விஞ்சியது, தமிழில் அல்ல. எழுத்தைக் கோக்க அதற்கு பாங்கோ நூலகம் வேண்டும். சில லினக்ஸ் வழங்கல்கள் அதைச் சேர்த்தே தந்தன. ஆங்கில வாசகர்களோ வேகம் குறைகிறதென்று அதை அணைத்துவைக்க யோசனை சொன்னார்கள். அவர்களுக்கு அது ஓரிரு நொடி, நமக்கு எழுத்தே. பத்தியை இருபுறமும் சீராக்கிய பக்கங்களிலும் எழுத்துகள் சிதறின. 2008 ஜூனில் வந்த ஃபயர்பாக்ஸ் 3 தான் இதைத் தீர்த்தது.

கான்கொரரின் உள்ளியந்திரமான கேஎச்டிஎம்எல் வேறு வழியில் வாழ்ந்தது. 2003இல் ஆப்பிள் அதைக்கொண்டு சஃபாரியை அறிமுகப்படுத்தியது. அந்த மரபே வெப்கிட் ஆகி, 2008இல் குரோமுக்கும் அடித்தளமாயிற்று.

இன்று ஃபயர்பாக்ஸ், குரோமியம் இரண்டுமே லினக்ஸில் ஹார்ஃப்பஸ் நூலகத்தால் கொம்பை உரிய இடத்தில் நிறுத்துகின்றன. ஆனால் பழைய திஸ்கிப் பக்கமொன்றைத் திறந்தால் இரண்டுமே கைவிரிக்கின்றன; அவை அறிந்த குறியாக்கங்களில் திஸ்கி இல்லை. மாற்றி ஒன்றைத் தேடியெடுத்து, உரையை யுனிகோடாக்கிய பிறகே படிக்க முடிகிறது.