கயிறு கட்டின பூனை

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பார்கள். ஜப்பான் தேசத்துப் பூனைகளுக்கு அப்படி ஒரு காலம் உண்மையாகவே வந்தது. அரண்மனையில் வாசம், வேளாவேளைக்கு ஆகாரம், கவனித்துக்கொள்ளத் தாதி, போதாததற்குப் பதவி வேறு. வேலை மட்டும் இல்லை. வேலை இல்லாத பூனை என்ன பாடுபடும், பிறரை என்ன பாடு படுத்தும் என்பதற்கு அந்தச் சரித்திரத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் ஜப்பானியப் பிரபுக்களுக்குப் பூனை என்பது கிடைத்தற்கரிய பொருள். அதிலும் சீனாவிலிருந்து கப்பலேறி வந்த பூனை என்றால் தனி மதிப்பு. உதா என்ற சக்கரவர்த்தி 889-ஆம் ஆண்டில் தம்முடைய நாட்குறிப்பில் தம் கரும்பூனையைப் பற்றி வெகு பெருமையாக எழுதி வைத்திருக்கிறார். அது அவருடைய தகப்பனாருக்குக் காணிக்கையாக வந்தது. தகப்பனார் மகனிடம் கொடுத்தார். மகன் அதற்குத் தினந்தோறும் பால் கஞ்சி வார்த்தார்.

இச்சிஜோ சக்கரவர்த்தியின் காலத்தில் பூனையின் செல்வாக்கு இன்னும் உயர்ந்தது. 999-ஆம் ஆண்டில் அரண்மனைப் பூனை குட்டி போட்டபோது, பிள்ளை பிறந்தால் என்னென்ன சடங்குகள் உண்டோ அவற்றை நடத்தினார்கள். பெரிய மந்திரிகளும் அதில் சம்பந்தப்பட்டார்கள். அரண்மனைப் பெண்மணி ஒருத்தியைத் தாதியாக நியமித்தார்கள். சனேசுகே என்ற பிரபு இந்தக் கூத்தைத் தம் நாட்குறிப்பில் பதிந்து, ஜனங்கள் சிரித்ததையும் மறக்காமல் எழுதியிருக்கிறார்.

அதே சக்கரவர்த்தியின் பூனை ஒன்றுக்கு அரசவையில் பதவியும் பட்டமும் இருந்த செய்தியை, சேய் ஷோனாகோன் என்ற பெண்மணி தம் 'தலையணைப் புத்தக'த்தில் சொல்கிறார். ஒருநாள் அந்தப் பூனை தாழ்வாரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தாதி உள்ளே வரும்படி கூப்பிட்டாள். அது அசையவில்லை. பயமுறுத்துவதற்காக அவள் நாயை ஏவினாள். நாய் அதை மெய்யென்று எண்ணிப் பாய்ந்துவிட்டது. பூனை அலறிப் புடைத்துக்கொண்டு ஓடிச் சக்கரவர்த்தியிடம் தஞ்சம் புகுந்தது. நாய்க்கு அடியும் வெளியேற்றமும் கிடைத்தன. தாதிக்கு வேலை போயிற்று. இத்தனை ரகளைக்கும் காரணம் என்ன? பட்டம் பெற்ற பூனைக்குப் பட்டம் வேண்டியிருக்கவில்லை. கொஞ்சம் வெயில் வேண்டியிருந்தது.

இவ்வளவு அருமையான பிராணி ஓடிப் போனால் என்ன செய்வது? அதனால் கழுத்தில் பட்டை போட்டு, நீளமான கயிற்றில் கட்டி வைத்தார்கள். அந்தக் கயிறுதான் உலகத்தின் பழைய நாவல்களில் ஒன்றான 'கெஞ்சியின் கதை'யில் பெரிய வினையைச் செய்கிறது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை எழுதியவர் முராசாகி ஷிகிபு என்ற பெண்மணி.

அந்தக் காலத்தில் உயர்குலப் பெண்கள் அந்நிய ஆடவர் கண்ணில் படக்கூடாது. மூங்கில் தட்டிக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஒருநாள் கெஞ்சியின் மாளிகைத் தோட்டத்தில் வாலிபர்கள் பந்து உதைத்து விளையாடுகிறார்கள். தட்டிக்குப் பின்னால் கெஞ்சியின் இளம் மனைவியான இளவரசி நிற்கிறாள். உள்ளே ஒரு சின்னச் சீனப் பூனையைப் பெரிய பூனை துரத்துகிறது. சின்னது கயிற்றோடு வெளியே பாய, கயிறு தட்டியில் சிக்கி அதைத் தூக்கிவிடுகிறது. காஷிவாகி என்ற வாலிபன் இளவரசியைப் பார்த்துவிடுகிறான். ஒரு கணந்தான். அவளை அடைய முடியாத ஏக்கத்தில் அந்தப் பூனையை எப்படியோ சம்பாதித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறான். சில வருஷங்கள் கழித்து நேரக்கூடாதது நேர்கிறது. இளவரசி துறவு பூணுகிறாள். அவன் நோயில் விழுந்து இறக்கிறான்.

நானும் கதை எழுதுகிறவன்தான். இந்தக் கட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பெண்மணியின் கண்ணை நினைத்து வியக்கிறேன். தட்டிக்குப் பின்னால் இரண்டு ஜீவன்கள் இருந்தன. ஒன்றின் கழுத்தில் கயிறு தெரிந்தது. மற்றொன்றின் கழுத்தில் தெரியவில்லை. இரண்டுக்கும் சோற்றுக்குக் குறைவில்லை; செய்வதற்குத்தான் எதுவும் இல்லை. முராசாகியே அந்த அடைப்பை அறிந்தவர். அவர் கையில் எழுதுகோல் இருந்தது. பூனைக்கு என்ன இருந்தது?

பூனைக்கு விடுதலை கருணையால் வரவில்லை; எலியால் வந்தது. எலித்தொல்லை பொறுக்காமல் 1602-ஆம் ஆண்டில் கியோத்தோ நகரத்தில் ஓர் ஆணை பிறந்தது: பூனைகளைக் கட்டிவைக்கக் கூடாது, கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும், பூனையை வாங்கவும் விற்கவும் கூடாது. அதற்குப் பிறகு பூனை தெருவுக்கு வந்து தன் பரம்பரைத் தொழிலை நடத்தியது. அதன் பேருக்கே எலி அஞ்சும் என்று நம்பி, பட்டுப்புழு வளர்ப்பவர்கள் பூனைப் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்தார்கள்.

இப்போது காலம் மறுபடி திரும்பிவிட்டது. மோட்டார் வண்டிகள் பெருகின, அடுக்கு மாடிகள் எழும்பின. வியாதி, விபத்து, அண்டை வீட்டார் சங்கடம் எல்லாவற்றையும் உத்தேசித்து, 2002-இல் ஜப்பான் அரசாங்கம் வகுத்த விதிமுறைகள் பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்து வளர்க்க முயலும்படி சொல்கின்றன. நியாயமான யோசனைதான். வெளியே போகாத பூனை வண்டியில் அடிபடாது. ஆனால் பழைய கயிற்றுக்குப் பதில் இப்போது கதவு வந்திருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. நம் ஊர் மாடி வீடுகளிலும் இதே கதைதான்.

பூனைக்கு இயற்கை விதித்த வாழ்வு ஒரே விருந்தும் நீண்ட தூக்கமும் அல்ல. பதுங்குவது, பார்ப்பது, பாய்வது, ஒரு சிறு இரையைத் தின்பது, மறுபடி பதுங்குவது என்று நாளில் பல தடவை உழைக்க வேண்டிய பிராணி அது. கிண்ணத்தில் சோற்றைக் கொட்டி வைத்தால் வயிறு நிறையும். மற்றதெல்லாம் பட்டினி கிடக்கும். அந்தப் பட்டினிதான் திரைச்சீலையைக் கிழிக்கிறது, நள்ளிரவில் நம் கால் விரலைக் கடிக்கிறது. பூனை வைத்தியர்களின் சங்கங்கள் இரண்டு 2013-இல் சேர்ந்து வெளியிட்ட குறிப்பிலும், வேட்டையைப் போன்ற விளையாட்டுக்கு இடம் கொடுப்பதைப் பூனையின் அடிப்படைத் தேவைகள் ஐந்தில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள்.

இதற்குப் பெரிய செலவு இல்லை. ஜப்பானில் வயலோரத்தில் முளைக்கும் ஒரு புல்லுக்குப் 'பூனைக்கு விளையாட்டுக் காட்டும் புல்' என்றே பெயர். பஞ்சு வால் போன்ற அதன் கதிரை ஆட்டினால் பூனை விடாது. அது வேறொன்றுமில்லை, நாம் அறிந்த தினைப் பயிரின் காட்டு மூதாதைதான். புல் கிடைக்காவிட்டால் குச்சியில் ஓர் இறகைக் கட்டிக்கொள்ளலாம். அதைப் பூனையின் முகத்தில் கொண்டுபோய் இடிக்கக் கூடாது. எந்த எலியும் அப்படி வராது. விலகி ஓட வேண்டும், நாற்காலிக்குப் பின்னால் ஒளிய வேண்டும், கடைசியில் அகப்பட வேண்டும். சுவரில் விளக்கொளியை ஓடவிட்டு வேடிக்கை பார்க்கிறவர்கள் இந்தக் கடைசிக் காரியத்தை மறந்துவிடுகிறார்கள். எவ்வளவு பாய்ந்தாலும் கையில் ஒன்றும் சிக்காத வேட்டை யாருக்குத்தான் அலுக்காது? பிடித்த பிறகு ஒரு வாய் ஆகாரம் கொடுத்தால் வேட்டை பூர்த்தியாகும். ஆட்டம் முடிந்ததும் நூலை எடுத்து வைத்துவிட வேண்டும். விழுங்கினால் குடலுக்கு ஆபத்து.

ஆகாரத்தில் கொஞ்சத்தை ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் ஒளித்து வைத்தால் தேடி எடுக்கும். உயரத்தில் ஒரு பலகை, ஜன்னலோரத்தில் ஓர் இடம், காலை வெயில், இவ்வளவும் இருந்தால் பாதிக் குறை தீர்ந்தது.

நாம் விளையாட்டு என்று நினைப்பது பூனைக்குப் பெரும்பாலும் வேலை. அந்த ஊரில் மாதாதாபி என்று ஒரு கொடி உண்டு. அதன் இலையில் பூனை முகத்தைத் தேய்த்துப் புரளும். வெறும் போதை என்றுதான் நெடுங்காலம் எண்ணினார்கள். அந்த இலையிலுள்ள சத்து கொசுவை விரட்டும் என்றும், பூனை புரளும்போது அது உடம்பில் படிகிறது என்றும் 2021-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

கதவைச் சாத்துகிறவர்கள் சாத்தட்டும். பூனையின் உயிருக்கு அது நல்லது. ஆனால் சாத்தின கையாலேயே தினம் இரண்டு வேளை, சிறிது நேரமாவது அந்த இறகை ஆட்ட வேண்டும். அரண்மனைக்காரர்கள் பூனைக்குத் தாதி வைத்தார்கள், பதவி கொடுத்தார்கள். இதை மட்டும் செய்யவில்லை.