கெர்னல் நம்முடையது, பூட் மெனு யாருடையது?



லினக்ஸில் சொந்தமாகக் கெர்னல் கம்பைல் செய்வது எப்படி என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் செய்து முடித்த கெர்னல் ஹார்ட் டிஸ்கில் சும்மா கிடந்தால் பயனில்லை. கணினியை ஆன் செய்ததும் அதை எடுத்து மெமரியில் ஏற்ற ஒரு பூட் லோடர் வேண்டும். அதன் பட்டியலில் நம் கெர்னலின் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை எழுதுவது நாமா, டிஸ்ட்ரோவா? இந்த இழுபறிக்கு ஒரு வரலாறு உண்டு.

1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டபோது இந்தக் கேள்வியே இல்லை. கெர்னலை அப்படியே பிளாப்பியில் எழுதி அதிலிருந்து பூட் செய்தார்கள். எந்தப் பார்ட்டிஷன் ரூட் என்பதுகூடக் கெர்னலுக்குள்ளேயே 2 பைட்டில் அடங்கியிருந்தது.

அடுத்து வந்தது வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதிய லைலோ. இதற்குக் கோப்பு முறைமை புரியாது. கெர்னல் வட்டில் எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டு வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துத்தான் படிக்கும். கெர்னலை மாற்றினால் லைலோ கட்டளையை மறுபடி ஓட்டியே ஆக வேண்டும். மறந்தால் வரைபடம் பழைய இடத்தையே காட்டும். ஆனால் ஒன்று, பட்டியல் முழுக்க முழுக்க நம் கையெழுத்து!

1995-ல் எரிக் போலின் ஹர்ட் இயங்குதளத்துக்காக கிரப்பை எழுதினார். 1999-ல் அது குனு திட்டத்தின் மென்பொருளானது. கிரப்புக்குக் கோப்பு முறைமையைப் படிக்கத் தெரியும். பட்டியல் தப்பாக இருந்தாலும் பூட் நேரத்திலேயே கெர்னலின் பாதையைத் தட்டச்சு செய்து தப்பிக்கலாம்.

இதற்குள் டிஸ்ட்ரோக்கள் பாதுகாப்புத் திருத்தங்களோடு அடிக்கடி புதுக் கெர்னல்களை அனுப்பத் தொடங்கின. ஒவ்வொரு முறையும் யார் கையால் எழுதுவது? டெபியனின் அப்டேட்-கிரப் கெர்னல்களைத் தேடிப் பிடித்து, மெனு கோப்பில் இரண்டு அடையாள வரிகளுக்கு நடுவே பட்டியல் போட்டது. நடுவில் நாம் எழுதினால் அடுத்த முறை காலி. வெளியே எழுதினால் பிழைக்கும். வேடிக்கை என்னவென்றால், அதன் அமைப்புகள் # போட்ட வரிகளில் இருந்தன. கிரப்புக்கு அது வெறும் குறிப்பு, அப்டேட்-கிரப்புக்கு அது கட்டளை! ரெட் ஹாட்டின் கிரப்பி வேறு வழியில் போனது. இருக்கிற கோப்பை அழிக்காமல் புதுக் கெர்னலுக்கு ஒரு பகுதியை மட்டும் சேர்த்தது.

2009-ல் உபுண்டு 9.10 கிரப் 2-க்கு மாறியது. இங்கே கோப்பு முழுவதும் கருவியின் சொத்து. தலைப்பிலேயே கை வைக்காதே என்று எழுதியிருக்கும். நம் சொந்த வரிகளுக்கு 40_கஸ்டம் என்று தனிக் கோப்பு.

உண்மையான ஆபத்து இங்கேதான். கிரப் 2 வழக்கமாகப் பதிப்பு எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்தும், பெரிய எண் மேலே. நீங்கள் கட்டிய கெர்னலின் எண் பெரியது என்றால், டிஸ்ட்ரோ ஒரு ஓட்டையை அடைத்துப் புதுக் கெர்னல் அனுப்பினாலும் உங்கள் பழைய கெர்னலே பூட் ஆகும். எல்லாம் அப்டேட் ஆகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பீர்கள், ஓட்டை அப்படியே இருக்கும். எண் சிறியது என்றால் கஷ்டப்பட்டுக் கட்டிய கெர்னல் ஓடவே ஓடாது.

2019-ல் ஃபெடோரா 30 ஒரு சமாதானம் கண்டது. கெர்னலுக்கு ஒரு சின்னக் கோப்பு. டிஸ்ட்ரோ தன் கோப்பை மாற்றட்டும், நம்முடையதைத் தொட வேண்டியதில்லை.

30 வருடக் கதையில் நமக்கான பாடம் இரண்டு. சொந்தக் கெர்னலுக்குத் தனிப் பெயர் ஒட்டு கொடுங்கள், கட்டியதும் எது ஓடுகிறது என்று யூநேம் கட்டளையால் பாருங்கள். டிஸ்ட்ரோ கொடுத்த கெர்னலை மட்டும் அழித்துவிடாதீர்கள். நம் கெர்னல் படுத்துக்கொள்ளும் நாளில் எழுந்திருக்க அதுதான் துணை!