மனைவிக்கு இல்லாத இடம் பூனைக்கு இருந்தது

பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டு பிள்ளைகளோடு கடல் சுற்றும் குடும்பங்களின் காணொளிகளை யூடியூப்பில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏதோவொரு துறைமுகத்தில் ஒரு பூனைக்குட்டியும் அந்தக் குடும்பத்தில் வந்து சேர்ந்துவிடும். பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் வரலாற்றைப் புரட்டினால், இந்தப் படத்தில் புதிதாக வந்தது பூனை இல்லை, குடும்பம்தான்.

பூனை கப்பலில் ஏறியது செல்லம் கொஞ்சுவதற்காக அல்ல, வேலைக்காக. எலிகள் பிஸ்கட் மூட்டையைத் தின்னும், கயிற்றையும் பாயையும் கடித்துவைக்கும். மத்தியதரைக் கடல் வணிகர்களின் பழைய கடற் சட்டத் தொகுப்பொன்று, பூனை இல்லாத கப்பலில் எலி சரக்கை நாசமாக்கினால் கப்பல் தலைவன்தான் நட்டஈடு கட்டவேண்டும் என்கிறது. அதாவது, பூனைக்கு அங்கே ஓர் உத்தியோகம் இருந்தது.

அந்தப் பூனைகளில் நமக்கு மிக நன்றாகத் தெரிந்தது ட்ரிம். 1799இல் பிரித்தானியக் கடற்படையின் 'ரெலையன்ஸ்' கப்பலில், இந்து சமுத்திரத்தின் நடுவிலே பிறந்தது. உடம்பு கறுப்பு, பாதங்கள் வெள்ளை. குட்டியாக இருக்கும்போதே கடலுக்குள் விழுந்து, நீந்திவந்து, கயிற்றைப் பிடித்து மேலே ஏறியதாம். இதையெல்லாம் எழுதிவைத்தவர் மத்தியூ பிளிண்டர்ஸ். கப்பலில் அவுஸ்திரேலியாவைச் சுற்றிவந்து அதன் வரைபடத்தை வரைந்தவர், 'அவுஸ்திரேலியா' என்ற பெயர் பரவக் காரணமானவர்.

அவர் எழுத்தில் ட்ரிம் ஓர் ஆள் மாதிரியே வரும். அதிகாரிகளின் சாப்பாட்டு மேசைக்கு நேரத்துக்கு வந்துவிடும். கேட்டும் கொடுக்காவிட்டால் முள்ளுக்கரண்டியில் இருக்கும் இறைச்சியைத் தட்டிப் பறிக்கும். பிளிண்டர்ஸோடு பயணம் செய்த பங்காரி என்ற அவுஸ்திரேலியப் பூர்வகுடி மனிதரிடம், தண்ணீர் வேண்டுமென்றால் மியாவ் என்று கேட்டுவிட்டுத் தண்ணீர்ப் பீப்பாய்மேல் பாய்ந்து ஏறும். வேலைக்கு வந்த பூனை இப்படித்தான் மெல்ல மெல்ல வீட்டு ஆளானது.

ஆனா வீடு என்றால் மனைவி? 1801 ஏப்ரலில் பிளிண்டர்ஸ் ஆன் சப்பலைத் திருமணம் செய்தார். 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பலில் அவரையும் கூட்டிக்கொண்டு போகத்தான் நினைத்தார். விஷயம் கடற்படைத் தலைமைக்குத் தெரியவந்தது. மனைவியோடு போனால் பதவி போய்விடும் என்று ஜோசப் பாங்க்ஸ் கடிதத்தில் எச்சரித்தார். யூலையில் கப்பல் புறப்பட்டது. ட்ரிம் கப்பலில், ஆன் கரையில்.

1803 ஓகஸ்டில், பிளிண்டர்ஸ் ஊர் திரும்புவதற்கு ஏறிய 'போர்ப்பொய்ஸ்' கப்பல் பவளப்பாறையில் மோதியது. மாலுமிகளோடு மணல்திட்டில் ஒதுங்கிய ட்ரிம்மும் தப்பியது. பிறகு 'கம்பர்லாந்து' என்ற ஓட்டைச் சிறு கப்பலில் மொரிசியஸ் போய்ச் சேர்ந்தார்கள். அது அப்போது பிரான்சின் கையில். பிரித்தானியாவோடு போர் நடந்துகொண்டிருந்ததால் ஆளுநர் டெக்கேன் பிளிண்டர்ஸைச் சிறைவைத்தார். 1810 வரை விடவில்லை. மனைவியைத் திரும்பப் பார்க்க ஒன்பது வருடங்களுக்கு மேல் ஆனது.

ட்ரிம் திரும்பவே இல்லை. ஒரு பிரெஞ்சுப் பெண்ணின் சின்ன மகளுக்குத் துணையாக அதைக் கொடுத்தார்கள், கொஞ்ச நாளில் காணாமல் போனது. பசியில் இருந்த ஓர் அடிமை அதைத் தின்றிருக்கலாம் என்று பிளிண்டர்ஸ் சந்தேகப்பட்டார். 1809இல், கைதியாக இருந்தபடியே, ட்ரிம்முக்கு ஒரு வாழ்க்கைக் குறிப்பை எழுதினார். அது அச்சில் வந்தது 1970களில்தான்.

நான் நின்று யோசிப்பது இந்த இடத்தில்தான். தன் விடுதலைக்காக ஏங்கிய மனிதர் அவர். அவர் தங்கியிருந்த தோட்டத்தில் உழைத்தவர்களோ அடிமைகள். அந்தத் தீவுக்கு மடகஸ்காரிலிருந்தும் கிழக்கு ஆபிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும்கூட மனிதரைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். பூனைக்குப் பெயர் இருக்கிறது, பிறந்த ஆண்டு இருக்கிறது, குணநலன்கூடப் பதிவாகியிருக்கிறது. அதைத் தின்றதாகச் சந்தேகிக்கப்பட்டவருக்குப் பெயரே இல்லை. அவர் ஏன் அவ்வளவு பசியோடு இருந்தார் என்ற கேள்வியும் அந்தக் குறிப்பில் இல்லை. ட்ரிம்மின் கதை அழகான கதைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்பு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் அதை வாசிக்கவேண்டும்.

பிறகு காலம் மாறியது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்களின் கப்டன்கள் சிலர் மனைவி பிள்ளைகளோடு கடலுக்குப் போனார்கள். 1975இல் பிரித்தானியக் கடற்படை தன் கப்பல்களில் பூனைகளைத் தடைசெய்தது. உத்தியோகம் போனதும் பூனை சொந்தக்காரராகப் படகுக்குத் திரும்பி வந்தது, இந்த முறை குடும்பத்தோடு.

சிட்னியில் மிச்செல் நூலகத்துக்கு வெளியே பிளிண்டர்ஸின் சிலை நிற்கிறது. அதற்குப் பின்னால், ஜன்னல் விளிம்பில், 1996 முதல் ட்ரிம்முக்கும் ஒரு வெண்கலச் சிலை. அங்கே போகிறவர்கள் பூனையோடு படம் எடுத்துக்கொள்ளலாம். எடுக்கும்போது, கரையில் நிறுத்தப்பட்ட ஆனையும், பெயர் எழுதப்படாத அந்த அடிமையையும் ஒருதரம் நினைத்தால் போதும்.