திருத்தணிக்கு ஒரு பத்து மார்க் பாக்கி

போன பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஒரு வினாடி வினா நடத்தினேன். ஊர் என்றால் திருத்தணி. வாசக நண்பர்கள் சிலர் ஏற்பாடு செய்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. மூணு சுற்று: சினிமா விருதுகள், மாயாஜாலக் கதைகள், சாஸ்திரிய சங்கீதம். "எல்லாக் கேள்வியும் கூகுள்ல கிடைக்கிற மாதிரி இருக்கக்கூடாது, நம்ம ஊரோடு எங்கயாவது ஒட்டணும்" என்று நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். அந்த விதிதான் என்னை மாட்டிவிட்டது.

சினிமா சுற்றில் ஒரு கேள்வி: "பாரத ரத்னா முதன்முதலாகக் கொடுக்கப்பட்டதும் தேசியத் திரைப்பட விருதுகளின் முதல் விழா நடந்ததும் 1954-ல். அந்த வருஷம் திருத்தணி எந்த மாநிலத்தில் இருந்தது?" ஒன்பதாவது படிக்கிற ஒரு பொண்ணு எழுந்து, கொஞ்சம் தயங்கி, "ஆந்திரா சார்" என்றாள். பின்வரிசையில் யாரோ பெரியவர் "ஏய்!" என்று அதட்டினார். என் கையில் இருந்த அட்டையில் "சென்னை மாநிலம்" என்று எழுதியிருந்தது. தப்பு என்று சொல்லிவிட்டேன். அடுத்த அணி "மெட்ராஸ்" என்றது, பத்து மார்க் அதற்குப் போனது, கைதட்டல் வேறு. அந்தப் பொண்ணின் அணி கடைசியில் அஞ்சு மார்க்கில் தோற்றது.

ராத்திரி அரக்கோணம் தாண்டி ரயிலில் வரும்போதுதான் உறைத்தது. அவள் சொன்னதுதான் சரி.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் சந்தேகமே இல்லை. 1888 செப்டம்பர் 5-ல் ராதாகிருஷ்ணன் இங்கே பிறந்தபோது திருத்தணி சென்னை மாகாணத்தின் வட ஆற்காடு மாவட்டத்தில், கார்வேட்டிநகரம் ஜமீனுக்குள் இருந்தது. 1911 ஏப்ரல் 1-ல் சித்தூர் மாவட்டம் புதிதாகப் பிரிக்கப்பட்டபோது இந்தப் பக்கம் அதில் சேர்ந்தது. அன்றைக்கு அது வெறும் மாவட்டக் கோடு, மாகாணம் ஒன்றுதான், யாருக்கும் பெரிய கவலை இருந்திருக்காது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் மொத்தமாக அந்தப் பக்கம் போனது, திருத்தணியும் கூடவே போனது. 42 வருஷத்துக்கு முன் ஒரு நிர்வாக வசதிக்காகப் போட்ட கோடு, திடீரென்று மொழி எல்லைக் கோடாக ஆகிவிட்டது. ம.பொ.சி.யும் தமிழரசுக் கழகமும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், இந்த வட்டாரத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்துத் திரிந்த மங்கலங்கிழார், பிறகு எச்.வி. படாஸ்கரின் சமரசம், அதன்மேல் 1959-ல் நாடாளுமன்றம் போட்ட எல்லை மாற்றச் சட்டம், இதெல்லாம் முடிந்து 1960 ஏப்ரல் 1-ல்தான் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்கள் சிலவும் ஓசூர்ப் பக்கத்துக் கிராமங்கள் சிலவும் ஆந்திராவுக்குப் போயின. (1911, 1960 ரெண்டுமே ஏப்ரல் ஒண்ணாம் தேதி. இதை வைத்தே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.)

ஆக 1953 அக்டோபரிலிருந்து 1960 மார்ச் வரை, ஆறரை வருஷம், திருத்தணி ஆந்திரா. ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன் மூவருக்கும் முதல் பாரத ரத்னா கிடைத்த 1954 அதற்கு நடுவில்தான் வருகிறது. இது எனக்குத் தெரியாததும் இல்லை. எங்க அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்டு வளர்ந்த கதை. ஆனா அந்தக் கதையில் 1960-ல் "மீட்டோம்" என்பதுதான் ஞாபகத்தில் தங்கும். மீட்பதற்கு முன்னால் போயிருந்தது என்ற பாதி, மனசில் தேதியாகப் பதியவே இல்லை. கேள்வி எழுதும்போது கை தானாக "சென்னை" என்று எழுதிவிட்டது. சாஃப்ட்வேரில் இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தரவுத்தளத்தில் இன்றைய முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு, பத்து வருஷம் முந்தைய பில்லையும் அதே முகவரிக்கு அச்சடிக்கிற தப்பு. ஜூனியர் பையன்களைத் திட்டுவேன் இதுக்கு.

ராதாகிருஷ்ணனுக்கும் சினிமா விருதுக்கும் ஒரு முடிச்சு உண்டு. அந்தக் காலத்தில் சிறந்த படத்துக்கான விருதுக்குப் பெயர் ஜனாதிபதி தங்கப் பதக்கம். அவர் 1962 மே முதல் 1967 மே வரை ஜனாதிபதி. 1962-ன் 'தாதா தாகூர்', 1963-ன் 'ஷெஹர் அவுர் சப்னா', 1964-ன் 'சாருலதா', 1965-ன் 'செம்மீன்' நாலும் அவர் பதவிக் காலத்தில் தங்கப் பதக்கம் வாங்கின. தென்னிந்தியாவுக்கு முதல் தங்கம் 'செம்மீன்'தான். திருத்தணிக்காரர் பதவியில் இருந்த வருஷங்களில் ஒரு தமிழ்ப் படம்கூட அந்தத் தங்கத்தைத் தொடவில்லை. அது 1990-ன் 'மறுபக்கம்' வரைக்கும் காத்திருந்தது. கே.எஸ். சேதுமாதவன் எடுத்தது, இந்திரா பார்த்தசாரதியின் 'உச்சி வெயில்' கதை. ஆனால் "தேசிய விருது வாங்கிய முதல் தமிழ்ப் படம் எது?" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் மாறிவிடும். 1954-ன் 'மலைக்கள்ளன்' சிறந்த தமிழ்ப் படத்துக்கான வெள்ளிப் பதக்கம் வாங்கியிருக்கிறது. முதல், பெரிய, ஒரே போன்ற வார்த்தைகளைக் கேள்வியில் போடும்போது கை கொஞ்சம் நடுங்க வேண்டும்.

மாயாஜாலச் சுற்று நன்றாகப் போனது. அதில் எனக்கே பிடித்த கேள்வி: "தாதா சாகேப் பால்கே விருது வாங்கிய அண்ணன் தம்பி யார்? தம்பி ஆரம்பித்த பத்திரிகை எது?" அண்ணன் பி.என். ரெட்டி, 1974-க்கான விருது, தென்னிந்தியாவுக்கு வந்த முதல் பால்கே. தம்பி பி. நாகி ரெட்டி, 1986. அவரும் சக்கரபாணியும் சேர்ந்து 1947 ஜூலையில் ஒரே நேரத்தில் தெலுங்கில் 'சந்தமாமா'வும் தமிழில் 'அம்புலிமாமா'வும் கொண்டுவந்தார்கள். எங்க வீட்டில் அம்புலிமாமா வாங்குவோம், பக்கத்து வீட்டில் சந்தமாமா. படம் ரெண்டிலும் ஒண்ணுதான். தோளில் பிணத்தைப் போட்டுக்கொண்டு வாளோடு நடக்கிற விக்கிரமனை வரைந்த 'சங்கர்' என்கிற கே.சி. சிவசங்கரன் தமிழர். நான் தமிழில் படித்து, அவன் தெலுங்கில் படித்து, ராத்திரி திண்ணையில் ஒரே கதையைச் சண்டை போட்டுக்கொள்வோம். எனக்குத் தெலுங்கு எழுத்து பழக்கமானதே அப்படித்தான்.

அதே நாகி ரெட்டியும் சக்கரபாணியும் விஜயா புரொடக்‌ஷன்ஸ் சார்பில் தயாரித்து கே.வி. ரெட்டி இயக்கிய 'பாதாள பைரவி' 1951-ல் வந்தது. அதன் கதைக்கு ஒரு வேர் மதிர சுப்பன்ன தீட்சிதுலு எழுதிய 'காசி மஜிலீ கதலு'. காசிக்கு நடந்து போகும் பயணத்தில், ஒவ்வொரு தங்கலிலும் குரு தன்கூட வரும் மாடு மேய்க்கும் பையனுக்குச் சொல்கிற கதைகள். இது எனக்கு ஏன் முக்கியமாகப் பட்டது என்றால், எங்க ஊர் சங்கீதக் கதையும் இதே மாதிரிதான் ஆரம்பிக்கிறது: ஒரு யோகி, ஒரு இளைஞன், காசிப் பயணம்.

அந்த இளைஞர் முத்துசுவாமி தீட்சிதர். திருவாரூரில் பிறந்தவர். அப்பா ராமசுவாமி தீட்சிதர், ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர். மணலி ஜமீனின் ஆதரவில் குடும்பம் மணலிக்கு வந்தது. இன்றைக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிற அதே மணலிதான். அங்கிருந்து சிதம்பரநாத யோகி அவரைக் காசிக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்த தீட்சிதர் திருத்தணி மலைக்கு வந்தார், தியானத்தில் இருக்கும்போது ஒரு முதியவர் வாயில் கற்கண்டைப் போட்டார், கண் திறந்தால் எதிரே முருகன், உடனே பிறந்தது 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்று மாயாமாளவகௌளையில் முதல் கீர்த்தனை. 'குருகுஹ' என்பதே அவர் முத்திரை ஆனது. அந்த வரிசையில் எட்டுக் கீர்த்தனைகள், சம்ஸ்கிருதத்தின் வேற்றுமைகளுக்கு ஒவ்வொன்றாக. முதல் வேற்றுமை மாயாமாளவகௌளை, இரண்டாவது ஆனந்தபைரவி, நாலாவது சாமா, விளி உதயரவிசந்திரிகா.

கற்கண்டு நடந்ததா என்று கேட்டால், அது வரலாற்றுக் கேள்வி இல்லை. நமக்குக் கதை வந்து சேர்ந்த பாதைதான் வரலாறு. தீட்சிதர் எட்டயபுரத்தில் காலமானது 1835. அவர் வாழ்க்கையையும் கீர்த்தனைகளின் ஸ்வரத்தையும் அச்சில் கொடுத்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வந்தது 1904, அதே எட்டயபுரத்தில். எழுதிய சுப்பராம தீட்சிதர், முத்துசுவாமியின் தம்பி பாலுசுவாமியின் மகள் வழிப் பேரன். 1839-ல் பிறந்தவர், அதாவது பெரிய தாத்தாவை நேரில் பார்த்ததில்லை. குடும்ப நினைவு, 69 வருஷ இடைவெளி. தமிழ்நாட்டின் தெற்கு மூலையில் அச்சான அந்தப் புத்தகம் தெலுங்கு எழுத்தில் இருக்கிறது என்பதையும் கவனிக்கணும். எந்த எழுத்து எந்த ஊருடையது என்று 1953-ல் அடித்துக்கொண்டவர்கள் 1904-ல் கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கலாம்.

இந்தச் சுற்றில்தான் அந்தப் பொண்ணு என்னை ரெண்டாவது தடவை ஆச்சரியப்படுத்தினாள். கேள்வி: "2023-ல் ஆஸ்கர் வாங்கிய ஒருவரின் பெயருக்குள் 21 ஒளிந்திருக்கிறது. யார்?" 'நாட்டு நாட்டு' கீரவாணி. நாம் 'அழகன்' காலத்தில் மரகதமணி என்று அறிந்த அதே ஆள். கீரவாணி 21-வது மேளகர்த்தா. கடபயாதி முறையில் எழுத்துக்கு எண்: கீ என்றால் 1, ர என்றால் 2, திருப்பிப் போட்டால் 21. மாயாமாளவகௌளை அதே மாதிரி, மா 5, யா 1, திருப்பினால் 15. பல நூறு வருஷங்களுக்கு முந்தைய ஒரு குறியீட்டு முறை, இன்றைக்கும் பிசகாமல் ஓடுகிறது.

அவள் பதிலைச் சரியாகச் சொல்லிவிட்டு, "சார், தமிழ்ல எழுதினா இது வேலை செய்யாதே? க-வுக்கு நாலு சத்தம் இருக்கே, எந்த நம்பர் எடுக்கறது?" என்று கேட்டாள். உண்மைதான். கடபயாதியில் நாலு 'க'வுக்கும் 1, 2, 3, 4 என்று தனித்தனி எண். தமிழ் எழுத்தில் நாலும் ஒரே க. எண் தொலைந்துவிடும். வீட்டில் தாத்தா தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், அதனால் அவளுக்கு இது தெரிகிறது. 1954 ஆந்திரா என்பதும் தாத்தா சொன்னதுதானாம். அப்போது அவர் பள்ளிக்கூடப் பையன்.

ரயிலில் இருந்தபோது வேதாளம்தான் ஞாபகம் வந்தது. கதைகளில் நான் பார்த்த முதல் க்விஸ் மாஸ்டர் அதுதான், விதியும் விசித்திரம்: பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தலை வெடிக்கும். (சோமதேவரின் 'கதாசரித்சாகர'த்தில் அந்த ராஜாவின் பெயர் திரிவிக்கிரமசேனன். உஜ்ஜயினி விக்கிரமாதித்தன் என்று சொன்ன அணிக்கும் நான் மார்க் கொடுத்தேன், அதையாவது தாராளமாகச் செய்தேனே.) ரெண்டு நாள் சும்மா இருந்தேன். சின்னப் போட்டி, பரிசு ரெண்டு புத்தகம், யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனா கூட்டத்துக்கு நடுவில் ஒரு பெரியவர் அதட்டியதும், நான் தப்பு என்று சொன்னதும் சேர்ந்து, உண்மையைச் சொன்னது ஏதோ ஊர்த் துரோகம் மாதிரி அந்தப் பிள்ளைக்குப் பட்டிருக்குமே.

மூணாம் நாள் ஏற்பாட்டாளர் நண்பரைக் கூப்பிட்டேன். "விடுங்கண்ணா, இப்ப போய் ஆந்திரான்னு சொன்னா ஊர்ல பெரியவங்க வருத்தப்படுவாங்க" என்றார். ஆறரை வருஷம் ஆந்திராவில் இருந்ததால்தானே இங்கே போராடவே வேண்டியிருந்தது, அதை மறைத்தால் ம.பொ.சி. எதற்காக ஜெயிலுக்குப் போனார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "சரி, நீங்களே எழுதிக் கொடுங்க" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். அணிக்குப் பத்து மார்க் சேர்த்து, முதல் பரிசை ரெண்டு அணிக்கும் பொதுவாக அறிவித்தாகிவிட்டது. அதே ரெண்டு புத்தகம் இன்னொரு செட் வாங்கி அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தாத்தா வாசலில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டதும், "எந்துகு பாபு இதெல்லாம்" என்று ஆரம்பித்து, நாலு வரியில் தமிழுக்கு மாறி, 1960-ல் பள்ளிக்கூடத்தில் பாடப் புத்தகம் மாறிய கதையைச் சொன்னார். அதைத் தனியாகப் பதிவு செய்து வைத்திருக்கிறேன், அவர் அனுமதித்தால் அடுத்த கட்டுரை அதுதான்.