சிக்னல் சரி, பெயர்தான் வேறு

1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் ஒரு விண்மீனுக்குக் குறுக்கே கடந்தது. ஜவ்வாது மலையில், காவலூர் ஆய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி.பட்டாச்சார்யாவும் கே.குப்புசாமியும் அந்த விண்மீனின் ஒளியைப் பதிவு செய்தார்கள். கோள் மறைக்கவேண்டிய நேரத்தில் அல்லாமல் வேறொரு கணத்திலும் ஒளி சில விநாடிகள் மங்கியது. யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

விமானத்தில் பறந்தபடி அதே நிகழ்வைப் பார்த்த ஜேம்ஸ் எலியட் குழுவுக்குக் கோளின் இருபுறமும் மங்கல்கள் கிடைத்தன. எல்லாப் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் விஷயம் புரிந்தது: காவலூர் பிடித்தது யுரேனஸின் வளையத்தை. பதிவில் குற்றமில்லை. ஒப்பிட இன்னொன்று கையில் இல்லை, அவ்வளவுதான்.

சரி, இதுக்கும் நம் குடலுக்கும் என்ன சம்பந்தம்?

அதே 1977 நவம்பரில், அமெரிக்காவின் இல்லினாய்ஸில் கார்ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ரைபோசோம் ஆர்என்ஏ துண்டுகளை ஒப்பிட்டு, நுண்ணுயிர்களில் அதுவரை தெரியாத ஒரு பெரும் கிளை இருப்பதாக அறிவித்தார்கள். இன்று ஆர்க்கியா என்கிறோம். நுண்ணுயிரை வளர்த்துப் பார்க்காமலே, எழுத்துக்களை வைத்து உறவு சொல்லலாம் என்றாயிற்று. குடல் பாக்டீரியாக்களில் பல ஆக்சிஜன் பட்டாலே சாகும். ஆய்வகத் தட்டில் வளர்ப்பது பெரும்பாடு. இப்போது 16எஸ் மரபணுவின் சுமார் 1500 எழுத்துக்களில் ஒரு பகுதியைப் படித்தால் போதும்.

படிப்பது இயந்திரம். லட்சக்கணக்கான துண்டுகளைக் கொட்டிவிடும். அதன்பிறகு உயிர்த்தகவலியலாளரின் வேலை: பழுதான துண்டை நீக்குவது, ஆய்வக ரசாயனங்கள் வழியே நுழைந்த அந்நிய டிஎன்ஏவைக் கழிப்பது, மிச்சத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பெயர் வைப்பது. மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு இது பழக்கமான வேலைதான், எழுத்துத் தொடர்களைத் தேடிப் பொருத்துவது. ஆனால் பட்டியலில் இல்லாததை எந்த நிரலும் கண்டுபிடித்துத் தராது.

இந்த மலைக்குக் கீழே வேலூர். அங்கே சிஎம்சியில் பி.எஸ்.ராமகிருஷ்ணா குழு, காலரா நோயாளிகளுக்குத் தரும் உப்புச் சர்க்கரைக் கரைசலில் எளிதில் செரிக்காத மாவுச்சத்தைச் சேர்த்து, 2000இல் முடிவை வெளியிட்டது. சிறுகுடல் விட்டுவிடும் அந்த மாவைப் பெருங்குடல் பாக்டீரியா நொதிக்கவைக்கும். அதில் உண்டாகும் கொழுப்பு அமிலங்கள் உப்பையும் நீரையும் உடலுக்குள் மீட்க உதவும். பேதி குறைந்தது. அதாவது, மருந்து பாக்டீரியா வழியாக வேலை செய்தது. எந்த பாக்டீரியா, யார் குடலில் என்பது அடுத்த கேள்வி.

இங்கேதான் இடிக்கிறது. 2022இல் வெளியான ஒரு கணக்கெடுப்பின்படி, பொதுவெளியில் உள்ள, ஊர் தெரிந்த மனித நுண்ணுயிர் மாதிரிகளில் 71 சதவீதத்துக்கும் மேல் ஐரோப்பா, அமெரிக்கா, கனடாவிலிருந்து வந்தவை. இந்தியாவை உள்ளடக்கிய மத்திய, தெற்கு ஆசியாவின் பங்கு 1.8 சதவீதம். போபால் ஐஐஎஸ்இஆர் குழு 2019இல் போபாலிலும் கேரளத்திலும் 110 பேரின் மாதிரிகளைக் கொண்டு தனி மரபணுப் பட்டியல் தயாரித்தது. நம்மவர் குடலில் பிரிவோடெல்லா என்ற பாக்டீரியா ஓங்கியிருப்பது அதில் தெரிந்தது. நல்ல தொடக்கம். ஆனால் நாடு பெரிசு. ஜவ்வாது மலையில் சாமை விளைவித்து உண்ணும் மலையாளிப் பழங்குடியினரின் குடலை நகரத்துப் பட்டியலை வைத்துப் படித்தால் என்ன கிடைக்கும்?

"அடையாளம் தெரியவில்லை" என்று நிரல் சொன்னால் நல்லது, நாமும் உஷாராவோம். சமயத்தில் அது சொல்லாது. நெருங்கிய சொந்தக்காரன் பெயரை அச்சிட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். வளையத்துக்குத் துணைக்கோள் என்று பெயர் வைத்ததில் யாருக்கும் நஷ்டமில்லை, சில மாதங்களில் சரியாயிற்று. இங்கே அந்தப் பெயரை நம்பி ஒரு குழந்தையின் பேதிக்கு வைத்தியம் முடிவாகலாம்.