கலப்பைக்காகப் பிறந்த இணைப்பு: டிஸ்க் ஹாரோ ஏன் அடம்பிடிக்கிறது?

புது டிஸ்க் ஹாரோவை வாங்கி, சின்ன டிராக்டரில் மாட்டி, முதல் நாள் வயலில் இறக்கும் விவசாயிக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான். வரிசையாகக் கோத்த அந்த வட்டத் தகடுகள் மண்ணாங்கட்டியை உடைத்து நிலத்தைச் சமன் செய்ய வேண்டும். ஆனால் அவை மண்ணில் இறங்காமல் மேலாகச் சுரண்டிக்கொண்டே போகும். இல்லையென்றால் நடுவில் மேடும் இரண்டு ஓரத்தில் பள்ளமுமாக வரி போட்டுக்கொண்டு வரும். கருவியில்தான் கோளாறு என்று முதலில் தோன்றும். உண்மையில் இந்தத் தொல்லையின் வேர் சுமார் நூறு வருடத்துக்கு முந்தைய அயர்லாந்தில் இருக்கிறது!

ஓட்டியவரைக் கவிழ்த்த டிராக்டர்

1917-ல் ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் டிராக்டர் வெளிவந்தது. விலை குறைவு என்பதால் வேகமாகப் பரவியது. குதிரையின் பின்னால் கட்டுவது போலவே அதன் பின்னாலும் கலப்பையைக் கட்டி இழுத்தார்கள். வினை அங்கேதான் இருந்தது. கலப்பை பாறையிலோ மர வேரிலோ சிக்கினால் நகராது, என்ஜினும் நிற்காது. பின்சக்கரம் முன்னேற முடியாதபோது டிராக்டரின் முன்பக்கம் மேலே எழும்பும். கண்மூடித் திறப்பதற்குள் வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்து ஓட்டியவர் மீதே விழும். இப்படிப் பல உயிர்கள் போயின.

அதே 1917-ல் அயர்லாந்தின் வேளாண் வாரியம் டிராக்டர் உழவை மேம்படுத்தும் வேலையை ஒருவரிடம் கொடுத்தது. அவர்தான் ஹாரி ஃபெர்குசன். 1884-ல் டவுன் மாவட்டத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1909-ன் கடைசி நாளில் தானே உருவாக்கிய விமானத்தில் பறந்து, அயர்லாந்தில் முதன்முதலாக விமானம் ஓட்டியவர் என்ற பெயரையும் வாங்கியிருந்தார். தன் மெக்கானிக் வில்லி சாண்ட்ஸோடு பல பண்ணைகளுக்குப் போய்ப் பார்த்த அவருக்கு ஒன்று புரிந்தது. டிராக்டரும் கலப்பையும் தனித்தனியாக இருப்பதுதான் பிரச்சினை. இரண்டும் ஒரே இயந்திரமாக வேண்டும்.

மூன்று புள்ளிகள்

பல வருடச் சோதனைக்குப் பிறகு கிடைத்த விடை மிக எளிமையானது. கீழே இரண்டு கைகள் கருவியை இழுக்கும். மேலே இருக்கும் ஒரு கம்பி (இதைத்தான் டாப் லிங்க் என்கிறார்கள்) கருவியிலிருந்து டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். மண் கலப்பையை எவ்வளவு எதிர்க்கிறதோ அவ்வளவுக்கு இந்தத் தள்ளல் கூடி, முன்சக்கரத்தைத் தரையோடு அழுத்தி வைக்கும். எழும்பிக் கவிழும் ஆபத்து பெருமளவு குறைந்தது. அந்தத் தள்ளலை உணர்ந்து ஹைட்ராலிக் அமைப்பு கலப்பையைத் தானாகவே கொஞ்சம் தூக்கும் அல்லது இறக்கும். இந்த ஆழக் கட்டுப்பாட்டுக்கு 1926-ல் காப்புரிமை கிடைத்தது.

1938-ல் ஃபெர்குசன் அமெரிக்கா போய் ஹென்றி ஃபோர்டு முன் இதைச் செய்து காட்டினார். ஒப்பந்தப் பத்திரம் எதுவும் இல்லை, கைகுலுக்கியதோடு சரி! 1939-ல் ஃபோர்டு 9என் டிராக்டர் வெளிவந்தது. ஹென்றி ஃபோர்டு 1947-ல் இறந்தார். அவருடைய பேரன் காலத்தில் அந்த உறவு முறிந்து, ஃபோர்டு நிறுவனம் சொந்தமாக 8என் என்ற டிராக்டரை விற்கத் தொடங்கியது. ஃபெர்குசன் வழக்குப் போட்டு 25 கோடி டாலருக்கு மேல் கேட்டார். 1952-ல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

விருந்தாளியாக வந்த டிஸ்க்

இந்த அமைப்பு முழுவதும் கலப்பையை மனதில் வைத்து உருவானது. கலப்பையின் கொழு ஓட ஓட மண்ணுக்குள் தன்னைத் தானே இழுத்துக்கொள்ளும். டிஸ்க் அப்படி இல்லை. தன் எடையாலும் தகடுகளின் சாய்கோணத்தாலும்தான் அது இறங்கும். டாப் லிங்கில் அது தரும் தள்ளல் சீராக இருக்காது. அதை நம்பி ஆழத்தை மாற்றும் ஹைட்ராலிக் ஏறி இறங்கித் தடுமாறும். ஆகவே கருவியை ஒரே உயரத்தில் நிறுத்தும் தனிக் கட்டுப்பாடு தேவைப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த வசதி வழக்கில் சிக்கிய 8என் டிராக்டரிலேயே இருந்தது! ஃபெர்குசன் பெயரில் அது வந்தது 1950-களின் 35 வகை டிராக்டரில்தான்.

இந்த வரலாறு தெரிந்தால் சரிசெய்யும் வழியும் புரியும். முன்வரிசைத் தகடுகள் மண்ணை வெளியே தள்ளும். பின்வரிசை அதைத் திரும்ப உள்ளே கொண்டுவரும். இரண்டும் ஒரே ஆழத்தில் ஓடினால்தான் நிலம் சமமாகும். நடுவில் மேடு விழுந்தால் பின்வரிசை அதிக ஆழம் போகிறது என்று பொருள். டாப் லிங்கைச் சுருக்க வேண்டும். நடுவில் பள்ளம் விழுந்தால் முன்வரிசை ஆழம் போகிறது, நீட்ட வேண்டும். இடது வலது சாய்வைக் கீழ்க்கையின் உயரத்தை மாற்றிச் சரிசெய்யலாம். தகடு இறங்கவே இல்லையென்றால் சாய்கோணத்தைக் கூட்ட வேண்டும், அல்லது மேலே பாரம் ஏற்ற வேண்டும். ஆனால் சின்ன டிராக்டர் தூக்கும் எடைக்கு ஒரு வரம்பு உண்டு. அதை மீறினால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஃபெர்குசன் பயந்த அதே ஆபத்து வேறு வழியில் திரும்பி வரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, சிறிது தூரம் ஓட்டிப் பார்ப்பதே நல்லது.

ஃபெர்குசன் 1960-ல் மறைந்தார். அதே வருடம் சென்னையில் மாஸ்ஸி ஃபெர்குசன் கூட்டுடன் டஃபே நிறுவனம் தொடங்கப்பட்டு, அவர் பெயர் தமிழ்நாட்டு வயல்களுக்கும் வந்தது. இன்று எந்த நிறுவனத்தின் டிராக்டர் ஆனாலும் பின்னால் இருப்பது அந்த மூன்று புள்ளிகள்தான். புது டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன் அந்த மேல்கம்பியை இரண்டு சுற்றுத் திருகிப் பார்ப்பது நல்லது.